வெர்னன் செய்த விமானம்

இதை எனக்கு முதலில் சொன்னது மார்லீன். போன ஈஸ்டருக்கு, சர்ச் சமையலறையில் நாங்கள் இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் நார்ஃபோக் துறைமுக ஊரில் பாதி வீடுகளில் கடற்படைக்காரர்கள்தான். சர்ச் கூடத்தில், காப்பி மேஜைக்குப் பக்கத்தில், விமானந்தாங்கிக் கப்பல் பொம்மை ஒன்று இருக்கிறது. கப்பலும் விமானங்களும் வெர்னன் செய்தவை. மேல்தளத்தில் அவற்றை அடுக்குவது அவருடைய சிநேகிதர், மார்லீனின் வீட்டுக்காரர் ரோஸ்கோ. நிஜக் கப்பலில் மஞ்சள் சட்டை போட்டு, விமானங்களைக் கைகாட்டி நிறுத்தியவர் அவர்.

வெர்னன் புதிதாக ஒரு விமானம் செய்து, இறங்குபாதையின் நட்டநடுவில் வைத்தார். மறு ஞாயிறு பார்த்தால், அது முன்பக்கத்து விமானக் கும்பலோடு, வால் கப்பல் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“யோவ் ரோஸ்கோ, ரெண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒட்டினதுய்யா. அதை மூலையில சொருகி வச்சிருக்கியே?”

“பாதை காலியா இருக்கணும்.”

“பொம்மைக் கப்பல்ல எது வந்து இறங்கப்போகுது, ஈயா?”

வெர்னன் நடுவில் வைப்பதும், ரோஸ்கோ எடுப்பதுமாக மாசக்கணக்கில் ஓடியது. கடைசியில் வெர்னனுக்குப் பொறுக்கவில்லை.

“அடுத்த வாரம் கப்பலையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். உன் சகவாசமே வேணாம்.”

மார்லீனுக்கு அவமானமாகிவிட்டது.

“கப்பலை விட்டு இறங்கி எத்தனை காலமாச்சு, இன்னும் அந்த அதிகாரம் உங்களை விடலையே. இருக்கிற ஒரு சிநேகிதரையும் விரட்டிடுவீங்க போல.”

“கொஞ்சம் பொறு” என்றாராம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வெர்னன் பெட்டியும் கையுமாக வந்தார். அவர் கண்ணெதிரிலேயே ரோஸ்கோ அந்த விமானத்தை எடுத்து, பாதையின் நடுவில் வைத்தார்.

“போதுமா? இனி உன் இஷ்டம்.”

“இப்ப மட்டும் என்னய்யா திடீர் ஞானம்?”

ரோஸ்கோ காப்பி மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பாடகர் குழுவில் பாடும் டெனீஸ், கணவன் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவன் கப்பல் விமானி. முந்தின நாள்தான் வீடு வந்து சேர்ந்திருந்தான்.

“அந்தப் பொண்ணு வாராவாரம் இந்தக் கப்பலைப் பார்த்துட்டுத்தான் காப்பி எடுக்கும். நிஜக் கப்பல்ல பாதையில விமானம் நின்னா, இனிமே வர வேண்டியவங்க யாரும் இல்லேன்னு அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். அவ புருஷன் வராம நான் எப்படிய்யா நிறுத்துவேன்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“உன்கிட்டயா? பிரசங்கம் முடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். எல்லாரும் அவளைப் பரிதாபமா பார்க்க ஆரம்பிச்சிருப்பாங்க.”

வெர்னன் தன் விமானத்தைத் தானே எடுத்து, பழையபடி ஓரத்தில் சொருகினார்.

“பாஸ்டர் பையன் வியாழக்கிழமை கப்பலேறுறான்யா.”

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது இன்னும் வந்து சேரவில்லை என்றால், வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.