மோடம் சொன்ன பதில்

சென்னையில் ரோஸ்லின் வீட்டுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் செயற்கை அறிவு பொருத்திய மோடமே பார்த்துக்கொண்டது. முக்கியமான அழைப்புகளை மட்டும் அவளிடம் விடும். மற்றவர்களிடம் அவள் குரலிலேயே பேசி அனுப்பிவிடும். மனைவியைப் பறிகொடுத்த அண்ணன் செல்வின் தினமும் கூப்பிட்டு அதையே சொல்லி அழுதார். வேலை கெடுகிறதென்று அவரையும் மோடத்திடம் தள்ளிவிட்டாள். ஐந்து மாதமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே தூத்துக்குடியிலிருந்து வந்து நின்றார். இளைத்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"உன்னாலதாம்மா உயிரோட இருக்கேன்" என்றார். "போன மாசம் ஒரு ராத்திரி மாத்திரை டப்பாவத் தொறந்து வச்சிட்டுத்தான் கூப்பிட்டேன். நீ பேசப் பேச மூடி வச்சிட்டேன்."

ரோஸ்லின் உள்ளே போய் மோடத்தில் அந்தப் பேச்சைத் தேடினாள். பேசி முடித்த எதையும் அது சேமித்து வைப்பதில்லை.

திரும்பி வந்து அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அன்னைக்குப் பேசினது நான் இல்ல. மோடம்தான் பேசிச்சு."

செல்வின் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீ எங்கம்மா இருந்த?"

இதே வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.