காலி இடம்

ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்கில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. முதலில் வந்த பெரியதற்கு முக்கால் பங்கு, பிறகு வந்த சின்னதற்குக் கால் பங்கு. ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கவேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே ஹார்ட் டிஸ்க்தான் இருவருக்கும் தூது.

ஒருநாள் பெரியது, "எனக்கு இடம் போதவில்லை. அந்த ஓரத்துக் காலி இடத்தை அழித்துக் கொடு" என்றது.

"அங்கே ஆள் இருக்கிறதே!"

"எழுதியிருப்பது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. புரியாத இடம் காலி இடம்தான்."

"கேட்டுச் சொல்கிறேன், நீ தூங்கு" என்றது ஹார்ட் டிஸ்க்.

சின்னது விழித்ததும் செய்தியைக் கேட்டுச் சிரித்தது. "அண்ணாச்சியின் எழுத்து எனக்குப் புரியும். அவர் தூங்கும்போது தினமும் படிக்கிறேன். பாதி வீடு பழைய அப்டேட்டுகளின் குப்பை. முதலில் அதைக் கூட்டச் சொல். நான் இம்மியும் நகரமாட்டேன்."

பெரியது விழித்து இதைக் கேட்டது. "என் வீட்டுக்குள் வந்ததா?"

"தினமும். எதையும் தொடவில்லையாம்."

பெரியது அதன்பின் இடம் கேட்கவில்லை. அன்று தூங்கப்போகுமுன், விருந்தாளி வரப்போவதுபோல, மூலைமுடுக்கெல்லாம் கூட்டிப் பெருக்கியது.