பனியில் கறுத்தவள்

பவுடர் பூச மாட்டேன் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கட்டும். பெற்றவளின் முகத்தில் அவர்களுக்கு என்ன அலுவல்?

இவர் பவுடர் டின்னோடு அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தார். கிளென் வேவர்லியில் வீடு வாங்கக் கையெழுத்துப் போட்ட அன்றுகூட மனிதர் இப்படி வியர்த்ததில்லை.

என் முகம் அப்படித்தான் இருந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் அடிப்பிடித்த சட்டி. பனிக்கண்ணாடி போட்டிருந்த அளவுக்கு, கண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம். எட்டு நாளாகியும் போகவில்லை. மூக்கில் தோல் வேறு உரியத் தொடங்கியிருந்தது.

மகள் மலரை மூன்று வருடமாக வெயிலில் இறக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போகவும் குடை. எனக்கு யார் குடை பிடித்தது?

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பஸ் பிடித்து மவுண்ட் புல்லர் பனிமலைக்குப் போகிறார்கள் என்றதும், பனிக்குள் யார் கறுக்கப்போகிறார்கள், போய்விட்டு வா என்று அனுப்பியவர் இவர்தான். பனி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் புத்திசாலிக்குத் தெரியும்? அவுஸ்திரேலியாவுக்கு நாங்கள் வந்தே மூன்று வருடம். அது எழுபத்தேழாம் ஆண்டு ஆகஸ்ட்.

வேடிக்கை பார்க்கத்தான் போனேன், சத்தியமாக. எல்லாருடைய பைகளையும் என்னிடம் தந்து, ஒரு மர வாங்கில் இருத்திவிட்டுப் போனார்கள்.

என் இடுப்பளவு உயரமில்லாத பிள்ளைகள் பனியில் சர்ரென்று சறுக்கி இறங்கிப் போனார்கள். போகட்டும், பிள்ளைகள்தானே. பிறகு ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். எழுபதுக்குக் குறையாது. சிவப்பு உதட்டுச் சாயம். மேலிருந்து வளைந்து வளைந்து சறுக்கி வந்து என் முன்னால் நின்று, மூச்சுக்கூட வாங்காமல் ஹலோ சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு நாற்பத்தெட்டு. பைகளை வாங்கிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போய், சப்பாத்தும் சறுக்குக் கட்டைகளும் வாடகைக்கு எடுத்தேன்.

பதினெட்டு வயதில் சைக்கிள் ஓடக் கேட்டேன். கலியாணம் முடித்து ஓடு என்றார்கள். முப்பதில் நீச்சல் பழகக் கேட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு என்ன நீச்சல் என்றார்கள். மலையில் நான் ஒருவரையும் கேட்கவில்லை.

பதினொரு தரம் விழுந்தேன். பன்னிரண்டாவது தரம் விழவில்லை. காது இரைய இரைய அடிவாரம் வரை வந்து நின்றபோது, ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அதற்கு இடமில்லை. தன் கலியாணத்தைக் குழப்பத்தான் போனேனா என்று மலர் கேட்டாள். அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. லிட்கம் என்ற ஊரிலிருந்து வரப்போகிற மாப்பிள்ளை ஆனந்தராஜாவின் படத்தை அவள் புத்தகத்துக்குள் வைத்திருந்ததை நான் கண்டிருந்தேன். சாதகக் குறிப்பும் பொருந்தியிருந்தது.

தாயும் மகனும் வந்து இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. தாய்க்காரியின் கண் என் முகத்தில் வந்து நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி, முகத்தில ஏதும் வருத்தமோ?"

இவர் முந்திக்கொண்டு, அலர்ஜி என்றார். பரம்பரை நோயில்லை என்று வேறு சேர்த்தார். கேளாத கேள்விக்கு எதற்குப் பதில்? தாய்க்காரியின் பார்வை என்னை விட்டு, தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற மலரிடம் போனது. அந்த முகத்தில் எப்போது தொடங்கும் என்று தேடியது.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மலரின் தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

எட்டு நாளாக இந்த வீட்டில் யாருக்கும் அடங்காத வாயை அப்போதுதான் மூடினேன். அவளுக்காக இருக்கட்டும், நான் வருத்தக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

மலர் தட்டை மேசையில் வைத்தாள்.

"வருத்தமில்லை அன்ரி. அம்மா பனியில சறுக்கப் போனவ. அப்பாவுக்கு அதைச் சொல்ல வெக்கம். வாற சனிக்கிழமை நானும் போறன்."

கலியாணத்துக்குப் பிறகும் இந்தக் கூத்து நடக்குமோ என்று தாய்க்காரி கேட்டார். நடக்கும் என்றாள் மலர். ஆனந்தராஜா கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை கம்பளத்தைத்தான் பார்த்தார்.

கடிதம் போடுகிறோம் என்று சொல்லி எழும்பினார்கள். அந்தக் கடிதம் வராது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். இவர் கார்வரை கெஞ்சிக்கொண்டே போனார்.

மலர் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஒருவரும் தொடாத பயத்தம்பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஆறுதலாக மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் என்னோடு பேசினாள்.

"விழேக்கை எந்தப் பக்கம் விழவேணும் அம்மா?"