லிட்கம் விலாசம்

"மூண்டு மாக்கர் பேனை வாங்க லிட்கத்துக்கு நாலு ஈமெயில்! இனிக் காணும். பிளாக்டவுன் பள்ளிக்கூடத்தை நாங்களே நடத்துவம்."

தாட்சாயினி சொல்லி முடிக்க மண்டபம் கைதட்டியது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பிளாக்டவுன் கிளையை லிட்கம் தலைமையகத்திலிருந்து பிரிப்பதா என்று அன்று வாக்கெடுப்பு. ஆறு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவு சேர்த்தவள் அவள்தான்.

பின்வரிசையில் தேவராஜா அங்கிள் எழும்பினார். "பிரிஞ்சால் ஃபீஸ் எவ்வளவு கூடும்?"

"வருசத்துக்கு எண்பது டொலர். வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் இனி எங்கட தலையிலதானே."

"அதைக் கட்ட ஏலாத ஆக்கள்?"

பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அங்கிளுக்கு இரண்டு வீடு. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடக் கேற்றைத் திறந்து பூட்டுவதற்காகவே சனிக்கிழமைகளில் வருவார். ஆனால் கன்ரீனில் இரண்டு டொலருக்குத் தேத்தண்ணி வாங்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருகிற மனுசன்.

"உங்கட பிள்ளையள் படிச்சு முடிச்சிட்டினம், அங்கிள். இந்த எண்பது டொலர் உங்களை ஏன் இப்பிடிக் கடிக்குது?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தன் வாய்ச்சாதுரியத்தில் தாட்சாயினிக்கே கொஞ்சம் பெருமை.

அவர் கோபப்படவில்லை. "ஃபீஸ் சலுகை வேணுமெண்டால் ஆரிட்டைக் கேக்கிறது?"

"லிட்கத்துக்குக் கடிதம் எழுதிப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கட கமிற்றியிட்டையே கேக்கலாம். எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தானே, என்ன வெக்கம்?"

"அதுதான் பிள்ளை..." என்று இழுத்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விசா இழுபட்டு, கணவனுக்கு வேலையும் இல்லாமல் கிடந்த அந்த இரண்டு வருடத்தில் தாட்சாயினியும் சலுகை கேட்டு லிட்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். 'கட்டணம் செலுத்தத் தேவையில்லை' என்று பதில் வந்தது. இன்றுவரை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அது முடிந்த கதை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இடைவேளையில் லிட்கம் செயலாளர் செந்தில்நாதன் அவளிடம் ஒரு கொப்பியை நீட்டினார்.

"எப்பிடியும் நீங்கள்தான் வெல்லப்போறியள். இது சலுகைப் பதிவு. இந்த வருசம் பதினொரு பிள்ளையள். இனி உங்கட பொறுப்பு."

"பள்ளிக்கூடம்தானே அந்த ஃபீசைத் தள்ளுபடி செய்யிறது?"

"பள்ளிக்கூடத்திட்டை எங்கால காசு? எட்டு வருசமா ஒரு ஆள் கட்டுறார்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். நான்கு வருடத்துக்கு முந்திய பக்கத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளின் பெயர்கள். கட்டியவர் என்ற இடத்தில் தேவராஜா என்று இருந்தது. முன் அட்டையின் உட்புறத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: 'பெயர்களை எனக்கும் சொல்ல வேண்டாம்.'

கொப்பியை மூடினாள். வெளியே போனாள். மனுசன் தனியாக நின்று பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கொப்பியை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லியிருக்கலாமே அங்கிள். நான் அவ்வளவு பேருக்கு முன்னால உங்களை..."

"சொன்னால் ஆர் அந்தப் பதினொண்டு எண்டு சனம் தேடத் தொடங்கிடும், பிள்ளை. என்னைக் கஞ்சன் எண்டு சிரிச்சால் ஆருக்கு என்ன நட்டம்?"

வாக்கெடுப்பு நடந்தது. பிரிவதற்கு ஆதரவாக முப்பத்தெட்டுக் கை, எதிராக ஒன்று. தாட்சாயினியும் பிரிவதற்குத்தான் கை உயர்த்தினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"ஒரு திருத்தம். சலுகைக் கடிதம் மட்டும் முந்தி மாதிரி லிட்கம் விலாசத்துக்கே போகட்டும்."

"என்னக்கா, இப்பதானே எங்களிட்டையே கேக்கலாம் எண்டனீங்கள்?" என்றான் முன்வரிசையில் இருந்த பிரஷாந்தன். "அங்கிள் தேத்தண்ணி தந்து மனசை மாத்திப்போட்டாரோ?"

மண்டபம் மறுபடியும் சிரித்தது.

"லிட்கத்தில எங்கட முகம் தெரியாது," என்றாள். "என்ர ரெண்டு பிள்ளையளும் ரெண்டு வருசம் அப்பிடித்தான் படிச்சவை. இங்க எண்டால், உங்கள் ஒருத்தரிட்டையும் நான் கேட்டிருக்க மாட்டன்."

சிரிப்பு நின்றது. முதலில் பிரஷாந்தனின் கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கைகளும்.

தேவராஜா அங்கிள் மட்டும் கை உயர்த்த மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த எட்டு வருடத்தில் அவருக்குத் தெரிய வந்த முதல் பெயர் அதுதான்.