இரண்டாம் சரணத்துச் சிரிப்பு

ட்ரம்ஸ் வாசிக்கும் மெல்பாவின் மொட்டைமாடி அறையில் நான்கு பெண்கள் சேர்ந்து தங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்தபோது, இரண்டாம் சரணத்தில் வரி மறந்து நிலானி சிரித்துவிட்டாள். மற்ற மூவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அதை வெட்டாமல் அப்படியே விட்டார்கள். அந்தப் பாட்டுதான் அவர்களுடைய இசைக்குழுவை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனது.

ஏழு வருடம் கழித்து, பிரிவதென்று முடிவான பின், கடைசிக் கச்சேரிக்கு நான்கு கார்களில் வந்து இறங்கினார்கள். அந்த முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நிலானி பாட முடியாமல் நிறுத்திவிட்டாள். மெல்பாவின் கை தானாக நின்றது. அப்போது மைதானத்தில் இருபதாயிரம் பேர் சிரித்தார்கள். அதே இடத்தில், பதிவில் இருந்த அதே சிரிப்பு, நடுவே மூச்சு வாங்குவதுகூடப் பிசகவில்லை.

ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத நிலானி திரும்பி, "ஏய், நாம இப்படியாடி சிரிச்சோம்?" என்றாள்.

மெல்பா குச்சிகளைத் தூக்கினாள். பாட்டு இன்னும் பாதி பாக்கி இருந்தது.