தங்கச்சி யார் வீட்டில்?

சமரச மையத்தில் அண்ணன் சோலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான் தம்பி அழகுபாண்டி. சமரசர் சரண்யாதேவி குறுக்கே புகுந்து விலக்கினார்.

"வீடு, வயலைப் பிரிச்சாச்சு. இன்னும் என்ன சண்டை?"

"தங்கச்சியை அவன் வச்சுக்கட்டும், மேடம்," என்றான் சோலை.

"மூத்தவன் நீதானண்ணே! அவ வந்தா என் வீட்டுல ஒருத்தரும் தூங்க முடியாது."

"கூடப்பொறந்தவளை இப்படித் தள்ளிவிடுறீங்களே, வெக்கமா இல்ல? தாமரைச்செல்வியையே கூப்பிட்டுக் கேட்போம்."

இருவரும் பதறி எழுந்தார்கள்.

"கூப்பிடாதீங்க மேடம், வந்துருவா!"

சோலை ஒரு மரப்பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே மஞ்சள் தடவிய கல்யாணச் சேலை.

"அவளைச் சாமியாக்கி இதுலதான் வச்சுக் கும்பிடுறோம். இங்க பேசுறது வெளியே போகாதுன்னீங்கள்ல?"

"ஆமா..."

"வேற சாதிக்காரனைக் கட்டுனான்னு அவளைக் கொன்ன அன்னைக்கு மட்டுந்தான், மேடம், நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தோம்."