நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இறந்தவர்

“‘தொண்ணூற்றெட்டு சித்திரையில், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஞானதாஸ் காலமானார்’” என்று வருவாய் ஆய்வாளர் கண்ணாயிரம் வாசித்து முடித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஞானதாஸைப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதிகீறாரு” என்றார் ஞானதாஸ்.

மகள் சாராள் அவரை முறைத்தாள். வந்த காரியம் வீட்டுமனைப் பட்டா. இருபது வருஷமாகக் குடியிருக்கிற இரண்டே கால் சென்ட்டுக்கு ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. இந்த மாதத்துக்குள் அது விழாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் புத்தகம் படிக்கிறவராக வாய்த்தார்.

சாராள் ரேஷன் அட்டையைக் காட்டினாள். வாக்காளர் அட்டையைக் காட்டினாள். கடைசியில் அப்பாவையே கையைப் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டினாள்.

“அட்டை யார் வேணும்னாலும் வாங்கிடலாம்மா. இதுல அடிக்குறிப்பு போட்டிருக்கு” என்றார் கண்ணாயிரம். எழுதியவரே தவறு என்று ஒரு கடிதம் கொடுத்தால் அடுத்த நிமிஷம் கையெழுத்து என்றும் சொன்னார். அதுவரைக்கும் பெரியவர் நிற்க வேண்டாம், உட்காரலாம் என்று பெஞ்சைக் காட்டினார்.

கொடுமை என்னவென்றால், அவரை அந்தப் புத்தகம் படிக்கவைத்தவளே சாராள்தான். செங்கல்பட்டில் கண்ணாயிரம் புத்தகம் எடுக்கிற நூலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. ‘இந்தக் கோடையில் படிக்க வேண்டிய புதிய வரலாற்று நூல்கள்’ என்று கரும்பலகையில் எழுதி, ‘மரக்காலும் மக்களும்: படாளம் வட்டாரக் கூலி வரலாறு’ என்பதை முதலிடத்தில் போட்டதும் அவள்தான். தன் ஊர்ப் பெயரைப் பார்த்துப் போட்டாள். பின்னட்டையைத் தாண்டிப் படிக்கவில்லை. வீட்டிலேயே முதல் பட்டதாரி, அதுவும் சரித்திரத்தில்.

அந்த மரக்காலை உடைத்தவர் ஞானதாஸ். அறுபத்தேழில், கூலிநெல் அளக்கிற மரக்காலின் உள்ளடியில், அளவு குறையும்படி, பண்ணையார் இரண்டாவதாக ஒரு தகடு வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, களத்திலேயே கல்லைத் தூக்கிப் போட்டு நசுக்கினார். பிற்பாடு அதைக் கேட்பதற்கு நோட்டும் டேப்ரிக்கார்டருமாகப் பட்டணத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

சாராளுக்குத் தெரிந்தே நான்கு பேர். காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார்கள், அப்பாவுக்கு அன்றைய வேலை போய்விடும். புத்தகம் வந்ததும் அனுப்புகிறேன் என்பார்கள், ஒன்றும் வந்ததில்லை. அவள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷத்தோடு ஆள் வருவதே நின்றுபோயிற்று. ஊர் உலகம் அவரை மறந்துவிட்டது என்று நினைத்து அதற்கும் ஒரு கோபம் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில், கடற்கரை ஓட்டல் ஒன்றில், பதிப்பகத்தார் புது நூல்களை அறிமுகம் செய்தார்கள். எழுதிய பேராசிரியர் ராமானுஜமும் வருகிறார் என்று சாராள் விசாரித்து வைத்திருந்தாள். ஞானதாஸ் தலைவலி என்றார். கடல்காற்று ஆகாது என்றார். பட்டா இல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோமே என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் துண்டை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மேசைமேல் ஆறு மினரல் வாட்டர் பாட்டில்களை வைத்துக்கொண்டு, ஏரிகள் வற்றிய வரலாற்றை ஒருவர் பேசி முடித்தார். அடுத்து ராமானுஜம் தன் நூலைப் பற்றிப் பேசினார். கேள்வி நேரம் என்றதும் சாராள் மைக்கைப் பிடுங்கினாள்.

“சார், நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல நீங்க சாவடிச்சவரோட பொண்ணு நான். காலைல வடகறியோட ஆறு இட்லி துன்னுட்டு வந்துகீறாரு. யாரைக் கேட்டு எழுதுனீங்க?”

ராமானுஜம் அசரவில்லை. களப்பணி செய்யாமல் தான் ஒரு வரியும் எழுதுவதில்லை என்றார். படாளத்துக்கே நேரில் போனதாகவும், ஞானதாஸ் வீட்டு வாசலில் அவருடைய சொந்தத் தம்பியே குலுங்கிக் குலுங்கி அழுது அந்தச் சாவைச் சொன்னதாகவும் சொன்னார். அதற்குமேல் எதுவும் கேட்க மனம் வராமல், பத்தே நிமிஷத்தில் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க நைனாவுக்குத் தம்பியே கெடையாது” என்றாள் சாராள்.

தூணுக்குப் பின்னால் போனாள். துண்டை உருவினாள். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேடைக்கு எதிரே, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

ராமானுஜம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஞானதாஸின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இவர்தாம்மா அந்தத் தம்பி.”

கூட்டம் கைதட்டியது. சாராள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடி வந்த நாலு பேரும் பொழுது சாயறவரிக்கும் எழுந்துக்கல. இவரு அஞ்சாவது ஆளு, சாராளு. அதான் செத்துட்டேன்.”